தாயைக் காப்பதே சேயைக் காப்பது

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பிரளய காலத்தில் உலகங்கள் அனைத்தையும் தன் திருவயிற்றினுள் வைத்துக் காத்து, ஆலிலையின்மேல் ஒரு பாலகனாய்க் கண்வளர்ந்தருளியவன் எம்பெருமான். ஆழ்வார்கள் பலகாலும் ஈடுபட்டு அநுபவித்த திவ்ய சேஷ்டிதம் இது. ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் 'பூகர்ப்பன்' என்று ஒரு திருநாமம் உண்டு. பூமியைக் கருவைப்போலப் பேணிக் காப்பவன் என்று பெரியோர் அதற்குப் பொருள் உரைப்பர். ஓர் உயிரை உள்ளே வைத்துச் சுமப்பதும், அதற்கு ஊறு வாராமல் காப்பதும் ஸர்வேச்வரனே ஏற்றுக்கொண்ட செயல்கள் என்பது இதனால் விளங்கும். ஆகவே, வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்து நிற்கும் பெண், உலகில் எம்பெருமானுடைய தொழிலில் சிறிது பங்கு பெற்றவளாக நிற்கிறாள். அவளைப் பேணுவதும் ஒரு கைங்கர்யமே.

கொரட்டூரில் உத்ஸவம் ஸேவிக்க வரும் அடியார் திரளில் இத்தகைய பெண்கள் பலர் உண்டு. ஏரிக்கரைத் தெருக்களிலிருந்தும், பாடி, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களிலிருந்தும் அவர்கள் வருகிறார்கள். சிலர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நேராக வருகிறார்கள். பெரியவர்கள் அவர்களைக் கண்டால் வாத்ஸல்யத்துடன் ஒன்று சொல்வது வழக்கம்: "மனத்தை ஸந்தோஷமாக வைத்துக்கொள், அம்மா. நல்லதையே நினை. ப்ரஹ்லாதன் கதையைக் கேள்." இது நல்ல உபதேசமே. ஆயினும், அந்த மனத்தை ஸந்தோஷமாக வைப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. உபதேசம் அவளுக்கு மட்டும் என்றும், அகத்தில் உள்ள மற்றவர்கள் இருந்தபடியே இருக்கலாம் என்றும் கொண்டால், புராணத்தைப் பாதி படித்ததாகவே ஆகும். மீதிப் பாதியை ஆராய்வது இவ்விடத்தில் தகும்.

நாரதர் முதலில் அளித்தது

ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில், ஸ்ரீ ப்ரஹ்லாதாழ்வான் தன் அசுரத் தோழர்களுக்குத் தானே சொல்லும் வரலாறு இது. ஹிரண்யகசிபு தவம் செய்ய மந்தர மலைக்குச் சென்றிருந்தான். அச்சமயம் தேவர்கள் அசுரர்களின்மேல் படையெடுத்தனர். அரண்மனை சூறையாடப்பட்டது. கர்ப்பவதியாயிருந்த அரசி கயாதுவை இந்திரன் பற்றி இழுத்துச் சென்றான். அவள் அன்றில்போல் கதறினாள். வழியில் நாரத பகவான் எதிர்ப்பட்டு, குற்றமற்ற இவளை விட்டுவிடு என்றார். சத்ருவின் வித்து இவள் வயிற்றில் இருக்கிறது, அது பிறந்தவுடன் அதனை முடித்துவிட்டு இவளை விட்டுவிடுகிறேன் என்றான் இந்திரன். கருவிலிருப்பவன் மஹாபாகவதன், அவனை முடிக்க உன்னால் ஆகாது என்று முனிவர் அருளிச்செய்தார். இந்திரன் அவளை விடுவித்தான். அதுவும் அன்றி, உள்ளிருக்கும் பாகவதனிடத்துக் கொண்ட பக்தியால் அவளைப் பிரதக்ஷிணம் செய்துவிட்டே தன்னுலகம் சென்றான்.

அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். நாரதர் உடனே தத்துவோபதேசம் தொடங்கிவிடவில்லை. அழுதுகொண்டிருந்த அவளைத் தேற்றித் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். கணவன் திரும்பி வரும்வரை இங்கேயே இரு, குழந்தாய் என்றார். எங்கிருந்தும் பயமில்லாதவளாய் அவள் அங்கே வஸித்தாள் என்று பாகவதம் சொல்லுகிறது. தன் கருவின் க்ஷேமத்தையும், தான் விரும்பிய காலத்தில் பேறு நிகழ்வதையும் நாடி அவள் அம்முனிவரைப் பணிந்து வாழ்ந்தாள். இவ்வளவும் ஆனபிறகே தர்மமும் ஞானமும் உபதேசிக்கப்பட்டன. தாய் காலப்போக்கில் அவற்றை மறந்தாள். கருவிலிருந்தவன் மறக்கவில்லை.

ஆகவே இந்தக் கதையின் வரிசை அபயம் முதலில், உபதேசம் பின்னர் என்பதாகும். வசைச்சொல்லும் அச்சமும் நிறைந்த வீட்டில் ஒரு பெண்ணை உட்கார்த்தி, ப்ரஹ்லாத சரித்ரத்தை மட்டும் அவள் கையில் கொடுப்பது நாரதர் காட்டிய வழியன்று. அவர் செய்ததில் முதற்பகுதியை வீட்டார் செய்தல் வேண்டும்.

கருவிலிருக்கும் சிசு ஒலியை உணர்வதை இக்கால விஞ்ஞானமும் ஒப்புகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பித் தேடுவதை, டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1980ஆம் ஆண்டு வெளியிட்டனர். தத்துவார்த்தத்தைக் கருவிலேயே கிரஹித்தது எம்பெருமானின் விசேஷ கடாக்ஷம் பெற்ற ப்ரஹ்லாதனுக்கே உரிய பெருமை. தாயின் குரலை அறிந்து பிறப்பதோ எல்லாக் குழந்தைகளுக்கும் அவன் அளித்த வரம். அந்தக் குரல் அழுகுரலாக இருக்கலாகாது என்பதே வீட்டார் கொள்ள வேண்டிய கருத்து.

எண்ணெய் நிரம்பிய பாத்திரம்

நம் நாட்டு வைத்திய நூல்களும் இதையே பேசுகின்றன. கர்ப்பத்தை நிலைபெறச் செய்பவற்றுள் மனமகிழ்ச்சியே தலைசிறந்தது என்பது சரக ஸம்ஹிதையின் முடிவு. மசக்கைக் காலத்துப் பெண்ணை அந்நூல்கள் இரண்டு இருதயம் உடையவள் என்று கூறும். அவளுடைய ஆசையில் குழந்தையின் ஆசையும் கலந்திருப்பதால், தீங்கில்லாத விருப்பங்களை மறுக்கலாகாது என்பது அவற்றின் விதி. பட்டினி, பயம், துக்கம், இரவில் கண்விழித்தல், அளவுக்கு மீறிய உழைப்பு ஆகியவற்றைக் கர்ப்பிணிக்கு ஆகாதவை என்று ஸுச்ருதர் விலக்குகிறார்.

சரகர் ஓர் உவமை கூறுகிறார். விளிம்புவரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் கொண்டுசெல்வதுபோலக் கர்ப்பவதி உபசரிக்கப்பட வேண்டும் என்பது அது. தளும்பாதே என்று பாத்திரத்துக்குச் சொல்லவில்லை; ஏந்திச் செல்பவனுக்கே அந்தக் கட்டளை. கணவன், மாமியார், நாத்தனார், வேலையிடத்து மேலாளர் யாவரும் அப்பாத்திரத்தை ஏந்துபவர்களே.

வைதிக ஸம்ஸ்காரங்களும் இக்கருத்தை உட்கொண்டவை. ஸீமந்தத்தில் வீணை வாசித்துப் பாடுவோரைப் பாடச் சொல்லும்படி ஆபஸ்தம்ப க்ருஹ்யஸூத்ரம் விதிக்கிறது. நம் ஊர்களில் வளைகாப்பன்று கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கலவைசாதம் செய்து, சுமங்கலிகள் கூடிப் பாடி மகிழ்விப்பதும் அதே நோக்கத்தால் அமைந்தது. இன்று தமிழ்நாடு அரசும் அங்கன்வாடிகளின் மூலம் சமுதாய வளைகாப்பு நடத்தி, வசதியில்லாத பெண்களும் அந்த மகிழ்ச்சியைப் பெறச் செய்கிறது. மண்டபம் எடுத்து ஆடம்பரமாக ஒருநாள் வளைகாப்பு நடத்திவிட்டு, மறுநாள் முதல் அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை என்றால், அந்த வளையல் ஓசையால் பயன் என்ன?

உடலுக்கு அளவான உழைப்பு

மனத்தைப்போலவே உடலையும் பேண வேண்டும். கர்ப்பிணி அசையாமல் படுத்தே இருக்க வேண்டும் என்று சில வீடுகளிலும், எந்த வேலையும் செய்யலாம் என்று சில வீடுகளிலும் கருதுகிறார்கள். இரண்டும் பொருந்தா. எண்ணெய்ப் பாத்திரம் தளும்பலாகாது என்றாரே தவிர, அதை எடுத்துச் செல்லவே கூடாது என்று சரகர் கூறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், மருத்துவர் தடை சொல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு மேற்கொள்வது நலம் என்று கூறுகிறது. நாளொன்றுக்கு அரைமணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே அவ்வளவு ஆகிவிடும். இதனால் கர்ப்பகால நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, அளவுக்கு மிஞ்சிய எடை, பிரசவச் சிக்கல், பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன என்றும், குழந்தையின் எடைக்கு இதனால் தீங்கில்லை என்றும் அந்நெறிமுறை தெரிவிக்கிறது. விடியற்காலையிலோ மாலையிலோ வெயில் இல்லாத வேளையில், திருநாமங்களைச் சொல்லிக்கொண்டு ஸந்நிதியை மெல்ல வலம்வருதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே உதவும். பேச்சுத் தடையின்றி வரும் அளவுக்கு நடந்தால் போதும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். உதிரப்போக்கு, தாங்கவொண்ணாத தலைவலி, பார்வை மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், பனிக்குடநீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும், நடையை மட்டுமல்ல, பூஜையைக்கூட நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும்.

கர்ப்பகால நீரிழிவைப்பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் இதைப் பல்லாண்டு ஆராய்ந்த மருத்துவர் வி. சேஷய்யா அவர்களின் பிறந்தநாளான மார்ச் 10, இந்நோய் குறித்த விழிப்புணர்வு நாளாக நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராம் அளவை எட்டுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால், பிரசாதமாகவே இருந்தாலும் அக்காரவடிசிலை ஒரு விரல் அளவு கண்ணில் ஒற்றி வாயிலிட்டுக்கொள்வது போதும். எம்பெருமான் அளவைப் பார்ப்பவன் அல்லன்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பதை ஏற்படுத்தியது. பேறுகாலம் நெருங்கும்போது நீண்டநேரம் நின்று செய்யும் வேலை, கடுமையான வேலை ஆகியவற்றிலிருந்து விலக்குக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. தொழிற்பேட்டையில் பணி செய்யும் பெண்ணின் கணவனும் மாமனாரும் இதை அறிந்து அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தேவகியும் யசோதையும்

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, பயந்தும் அழுதும் நாட்களைக் கழித்த ஒரு பெண், தன் கவலையே குழந்தையைக் கெடுத்துவிடுமோ என்று புதிதாக ஒரு கவலை கொள்ளக்கூடும். அவள் தேவகிப் பிராட்டியை நினைக்க வேண்டும். சிறையில் இருந்தாள். ஆறு குழந்தைகளைக் கண்முன்னே பறிகொடுத்தாள். எட்டாவது கர்ப்பத்திலும் கம்ஸனின் வாளை நினைத்து நடுங்கினாள். அந்த வயிற்றிலேதான் எம்பெருமான் வந்து அவதரித்தான். தாயின் துக்கம் அவனுக்குத் தடையாகவில்லை. அவளிடம் அவன் குற்றமும் காணவில்லை.

அபிமன்யுவின் மனைவி உத்தரையோ, கணவனைப் போரில் இழந்து கருவுடன் நின்றவள். அச்வத்தாமாவின் அஸ்த்ரம் துரத்தியபோது, தன்னை எரித்தாலும் எரிக்கட்டும், கரு அழியலாகாது என்று கண்ணனிடம் ஓடிவந்து முறையிட்டாள். கண்ணன் அவள் கருவினுள்ளே புகுந்து, கதையைச் சுழற்றிப் பரீக்ஷித்தைக் காத்தான். அபயம் என்று வந்தவளை, நீ மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டாமா என்று அவன் கடிந்துகொள்ளவில்லை.

ஆதலால், கரு கலைந்தாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ, அறுவைச் சிகிச்சையால் பிறந்தாலோ, நீ அழுததால் வந்தது, நீ நடந்ததால் வந்தது, நீ நடக்காததால் வந்தது என்று தாயின்மேல் பழி சுமத்துவது பாகவதாபசாரத்துக்கு ஒப்பானது. உடற்பயிற்சியும் மனஅமைதியும் இடரைக் குறைக்கும். இடரே வாராது என்று அவை உறுதி தருவதில்லை. அறுவைப் பிரசவம் எத்தனையோ தாய்மாரையும் சேய்களையும் காத்துத் தந்த ஒரு வழியே அன்றி ஒரு தோல்வியன்று.

யசோதைப் பிராட்டியின் பேற்றையும் நினைக்கத் தகும். பேற்றின் களைப்பால் அவள் அயர்ந்து உறங்கினாள் என்றும், பிறந்தது ஆணா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை என்றும் பாகவதம் கூறும். கோகுலம் முழுதும் திருவிழாக் கொண்டாடுவதற்கு முன் அந்த உறக்கம் அவளுக்குக் கிடைத்தது. இன்றோ குழந்தையைப் பார்க்க வருபவர்கள் நாள் முழுதும் வந்த வண்ணம் இருக்க, பெற்றவளுக்குக் கண்மூட ஒரு நாழிகை கிடைப்பதில்லை. மேலும், அவளுக்குப் பிறந்தது பெண் மகவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கம்ஸன் கையிலிருந்து வானில் எழுந்து, அவனைக் கொல்லப் பிறந்தவன் வேறிடத்தில் இருக்கிறான் என்று எச்சரித்த யோகமாயை அவளே. பெண் பிறந்தது என்று முகம் சுளிப்பவர், கண்ணன் வளர இடம் தந்தவளைப் பார்த்தே முகம் சுளிக்கிறார்கள்.

பேற்றுக்குப் பின் சில நாள் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, உயிர்வாழ விருப்பமின்மை ஆகியவை நீடித்தால் அது நோய். மருந்தும் தேறுதலும் உண்டு. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 16 சதவீதமும், பேறுற்றவர்களில் ஏறக்குறைய 20 சதவீதமும் இத்தகைய மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைக் காற்று, கருப்பு என்று மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே தர்மம். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

பிரசவ அறையிலும் துணை வேண்டும். தனக்கு விருப்பமான ஒருவர் உடனிருக்கப் பெற வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அத்தகைய இடைவிடாத துணை பெற்றவர்களுக்குப் பிரசவ நேரம் குறைவதும், சுகப்பிரசவம் மிகுவதும் ஆராய்ச்சிகளில் தெரியவந்துள்ளன. கயாதுவுக்கு நாரதர் தந்த துணை எத்தகையதோ அத்தகையதே இது.

திருமழிசையும் திருநின்றவூரும்

இந்தப் பகுதியின் ஸ்தலங்களே இவ்விஷயத்தில் ஆசார்யர்களாக நிற்கின்றன. பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில், பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் உருவும் உறுப்பும் அமையாத பிண்டமாகப் பிறந்து, மூங்கில் புதரின்கீழ் விடப்பட்டவர் திருமழிசையாழ்வார். எம்பெருமான் கடாக்ஷத்தால் உயிர்பெற்று அழுத அக்குழந்தையை, பிரம்பு அறுக்க வந்த திருவாளன் எடுத்துச் சென்று, தன் மனைவி பங்கயச்செல்வியிடம் தந்தார். இது பிழைக்குமா, இது எவர் குழந்தை என்று அவ்விருவரும் கேட்டிருந்தால், ஸம்ப்ரதாயம் ஓர் ஆழ்வாரை இழந்திருக்கும். எடை குறைந்து கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து மனம் தளரும் பெற்றோர், ஒருமுறை திருமழிசைக்குச் சென்று ஆழ்வாரை ஸேவித்து வரலாம்.

கொரட்டூரில் இரயிலேறி ஆவடியைத் தாண்டிச் சென்றால் திருநின்றவூர். அங்கே பக்தவத்ஸலப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் 'என்னைப் பெற்ற தாயார்'. வைகுண்டத்தை விட்டு அங்கே வந்து நின்ற பிராட்டியை, அவளுக்குத் தந்தையான ஸமுத்ரராஜனே அவ்வாறு தாயாக அழைத்து வேண்டினான் என்பது ஸ்தலபுராணம். தந்தை மகளைத் தாயென்று அழைத்த இடம் அது. மருமகளையோ மகளையோ கருவுற்ற நாள் முதல் வீட்டுப் பெரியவர்கள் அவ்வாறே எண்ணிப் பேசினால், அவ்வீட்டில் அவள் அழுவதற்குக் காரணம் எங்கிருந்து வரும்?

அதே இரயில் பாதையில் மேலும் சென்றால் திருவள்ளூர். வைத்ய வீரராகவப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அந்த திவ்யதேசத்தின் திருக்குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி என்று பெயர். இருதயத்தின் தாபத்தைப் போக்குவது என்பது அதன் பொருள். உடல்நோயைத் தீர்க்கும் பெருமாளின் குளத்துக்கு மனநோவைத் தீர்க்கும் பெயரை முன்னோர் இட்டனர். இரண்டையும் அவர்கள் பிரித்துக் காணவில்லை.

உத்ஸவத்தில் செய்யத்தக்கவை

இந்த உத்ஸவ நாட்களிலேயே அடியார்கள் இந்தக் கைங்கர்யத்தைத் தொடங்கலாம். வரிசையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நிற்பதைக் கண்டால் அவளை முன்னே விட்டு வழிகொடுக்கலாம். உட்கார இடமும், குடிக்க வெந்நீர் ஆறவைத்ததும் தரலாம். கருடஸேவை நெரிசலில் அவளைச் சுற்றி நான்கு பேர் கைகோத்து நிற்கலாம். வெறும் வயிற்றோடு உபவாஸம் இருந்து ஸேவிக்க வேண்டும் என்று அவளை வற்புறுத்தாதிருக்கலாம். அவளும், கூட்டத்தில் இடிபட்டேனும் ஸேவிக்க வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. வீதியோரத்தில் நின்று தூரத்தே கண்டாலும் பெருமாளின் பார்வை அவள்மேல் விழும். அவள் வயிற்றில் இருப்பவன்மேலும் விழும்.

கர்ப்பவதியை இந்திரன் வலம்வந்து போனான் என்பதை முன்னரே கண்டோர், வீட்டில் அவள் எதிரே வரும்போது குரலைத் தணித்துக்கொள்வது அரிதன்று. அபயம் பெற்ற தாயிடம் வளர்ந்த குழந்தை, தூணையும் துரும்பையும் நம்பி நின்றது. அத்தகைய குழந்தைகள் இவ்வூர் வீடுகள்தோறும் பிறந்து, தாயும் சேயும் நலமாய் இத்திருவீதிகளில் வந்து நிற்க எம்பெருமான் அருள்புரிவானாக.

ஸர்வே ஜநா: ஸுகிநோ பவந்து.
சுபமஸ்து.